குப்பை லாரிக்கு ஒரு சீட்டு எழுதி வெய்யுங்க

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

நான் வேலூர் பக்கம் ஒரு நகராட்சில கணக்குப் பிரிவுல முப்பத்தோரு வருஷம் வேலை பாத்து ரிட்டையர் ஆனவன். ஆறு மாசம் அமெரிக்காவுல பொண்ணு வீட்ல இருந்துட்டு போன மாசம்தான் திரும்பினேன். நியூயார்க் பாத்தேன், நயாகரா பாத்தேன், அதெல்லாம் எழுத வரல, அதுக்குன்னு வேற ஆளுங்க இருக்காங்க. பொண்ணு இருக்கிறது கனெக்டிகட் மாநிலத்துல ஒரு சின்ன ஊரு, மொத்த ஜனத்தொகை நம்ம பக்கத்து பேரூராட்சி அளவுக்குதான் வரும். அந்த ஊரு இப்போ ஒரு பழைய குப்பைமேட்டு கேஸ்ல மாட்டிக்கிட்டு செட்டில்மென்ட் பண்ணிக்கலாமா இல்ல கோர்ட்ல நின்னு பாக்கலாமான்னு முழிச்சிக்கிட்டு இருக்கு, அதை பத்திதான் எழுதறேன். ஊர் பேரு போடல, மாப்ள வேணாம்னுட்டாரு, தொகையும் போடல, போட்டா ஊரு தெரிஞ்சிடும்னாரு. அவரு அங்க வரி கட்டற ஆளு, அவரு சொல்றதும் சரிதான்.

செட்டில்மென்ட்னு காதுல விழுந்ததும் எங்க வீட்டம்மா "யாரு யாருக்கு எழுதி வெக்கிறாங்க"ன்னு கேட்டாங்க. நமக்கு செட்டில்மென்ட்னா பத்திர ஆபீஸ்தானே. இது கோர்ட்ல ராஜி ஆகறது.

விஷயம் இதுதான். ஊருக்கு வெளில ஒரு மேடு இருக்கு, பாத்தா புல்லு மொளச்ச குன்று மாதிரி இருக்கும், மான் கூட மேயுது, நடுநடுல மட்டும் வெள்ளை குழாய் நீட்டிக்கிட்டு இருக்கும், அது உள்ள இருந்து வாயு வெளில போறதுக்கு. அந்த இடம் ஊருக்கு சொந்தம் இல்ல, ஒரு தனியார் வெச்சி நடத்தினது, மூடி பல வருஷம் ஆச்சு. அந்தக் காலத்துல அந்த பள்ளத்தாக்கு முழுக்க ரப்பர் ஃபேக்டரியும் பித்தளை ஃபேக்டரியும்தான், அவங்க கழிவும் அங்கதான் போச்சு, ஊர் வீட்டுக் குப்பையும் அங்கதான் போச்சு. கீழ நிலத்தடி தண்ணி கெட்டுப் போனதும் ஈ.பி.ஏ.ன்னு அவங்க மத்திய அரசு சுற்றுச்சூழல் ஆபீஸ் வந்து பெரிய கம்பெனிங்கள புடிச்சி கையெழுத்து வாங்கி சுத்தம் பண்ண வெச்சிடுச்சு. கதை அங்க முடியல, அந்த கம்பெனிங்க இப்போ ஊர் பக்கம் திரும்பி "உங்க குப்பையும்தானே உள்ள கெடக்கு, உங்க பங்கை எடுத்து வெய்யுங்க"ன்னு நிக்கிறாங்க.

இதுக்கு அடிப்படை 1980 டிசம்பர்ல வந்த ஒரு சட்டம், சூப்பர்ஃபண்ட்னு சொல்றாங்க. நயாகரா ஃபால்ஸ் ஊர்லயே லவ் கெனால்னு ஒரு இடம், ஹூக்கர்னு கெமிக்கல் கம்பெனி 1942லேர்ந்து 1953 வரைக்கும் சுமார் 21,800 டன் ரசாயனக் கழிவை ஒரு பழைய கால்வாய்ல கொட்டி மூடிட்டு, 1953ல அந்த இடத்தை ஸ்கூல் போர்டுக்கு ஒரே ஒரு டாலருக்கு வித்துட்டாங்க. ஸ்கூல் வந்துச்சு, சுத்தி வீடு வந்துச்சு, 1978ல ஜனங்கள காலி பண்ண வேண்டியதாப் போச்சு, அந்த கூச்சல்லதான் இந்த சட்டமே வந்துச்சு. மாப்ளகிட்ட கேட்டு அருவி பாத்துட்டு வர்றப்போ அங்கயும் போனேன், கம்பி வேலி, உள்ள புல்லு, அவ்ளோதான். போட்டோ எடுக்க ஒண்ணும் இல்லன்னு வீட்டம்மா கார்லேர்ந்தே எறங்கல.

அந்த சட்டத்துல ரெண்டு கடி இருக்கு. நீ கொட்டினப்போ அது தப்பே இல்லன்னாலும் இப்போ பொறுப்பு உன்னோடதுதான், இது ஒண்ணு. இன்னொண்ணு நம்ம மகளிர் குழு கடன் மாதிரி, பத்து பேர் சேர்ந்து வாங்கினதுல ஒன்பது பேர் ஓடிட்டாலும் கெடைக்கிற ஆளுகிட்ட முழுசையும் கேக்கலாம். ஃபேக்டரிங்க பாதி திவாலாகி பேரே இல்லாம போயிருக்கும், ஆனா ஊராட்சி எங்க ஓடும்? அது அங்கயேதான் உக்காந்துட்டு இருக்கும், வரியும் வசூல் பண்ணிட்டு இருக்கும்.

வீட்டுக் குப்பைல என்ன விஷம் இருக்கு, வாழைப்பழத் தோலுக்கா கேஸ் போடுவீங்கன்னு நானும் கேட்டேன். இதே கேள்வி அதே கனெக்டிகட்லதான் கோர்ட்டுக்கு போயிருக்கு. பீக்கன் ஃபால்ஸ், நாகடக்னு ரெண்டு ஊர், ரெண்டு குப்பைமேடு, குட்ரிச் டயர் கம்பெனி, யூனிராயல் எல்லாம் அதுல இருந்தாங்க, இருபதுக்கும் மேற்பட்ட ஊராட்சிங்கள கேஸ்ல இழுத்துவிட்டாங்க. 1992ல அப்பீல் கோர்ட் சொல்லிடுச்சு, வீட்டுக் குப்பைன்னு தனி சலுகை எதுவும் சட்டத்துல எழுதல, பெயின்ட் டப்பாவும் பூச்சி மருந்தும் பேட்டரியும் அதுல இருக்குல்ல, நீயும் பொறுப்பாக வேண்டி வரலாம்னு. அப்புறம் நாடு பூரா சின்ன சின்ன ஊருக்கெல்லாம், ஹோட்டல் நடத்தறவங்களுக்கெல்லாம் கூட நோட்டீஸ் போக ஆரம்பிச்சு பெரிய கூச்சலாகி, 2002ல சட்டத்த திருத்தி வீட்டுக்காரங்களுக்கும் சின்ன கடைக்காரங்களுக்கும் வீட்டுக் குப்பை விஷயத்துல விலக்கு குடுத்தாங்க. ஊராட்சிக்கு குடுக்கல. 1998ல ஈ.பி.ஏ. போட்ட ஒரு கொள்கை மட்டும்தான் ஊருங்களுக்கு ஒரு ஊன்றுகோல். வெறும் வீட்டுக் குப்பை மட்டும் அனுப்பின ஊர்னா டன்னுக்கு 5 டாலர் 30 சென்ட் கட்டிட்டு வெளில வந்துடலாம், விலைவாசிக்கு தகுந்த மாதிரி அது கொஞ்சம் ஏறும். குப்பைமேடே ஊருக்கு சொந்தமா இருந்தா மொத்த செலவுல 20 சதவீதத்துல ஆரம்பிச்சு 35 வரைக்கும் போகும்.

இப்போ கணக்கு போடுங்க. 10,000 டன்னுன்னா 53,000 டாலர், லட்சம் டன்னுன்னா 5,30,000. அப்போ கேள்வி என்ன ஆவுது, எத்தனை டன்? அதுவும் யாரு போட்டது, எப்போ போட்டது, அதுக்கு என்ன ரிக்கார்டு? நான் வாழ்க்கை பூரா பாத்த வேலையே இதுதான், அதனாலதான் மாப்ள பப்ளிக் ஹியரிங் போறேன்னதும் நானும் ஸ்வெட்டர மாட்டிக்கிட்டு கெளம்பிட்டேன்.

லைப்ரரி கீழ ஒரு ஹால். மடக்கு நாற்காலி, ஓரத்துல காபி, டோனட் டப்பா. கவுன்சில்காரங்க ஒன்பது பேரு, ஊர் வக்கீல் ஒரு அம்மா. யாரு வேணாலும் பேசலாம், ஆளுக்கு மூணு நிமிஷம், டைம் பாக்கறதுக்கு சமையல்கட்டுல வெக்கிற தக்காளி ஷேப் டைமர் ஒண்ணு, அது ட்ரிங்னு அடிச்சா எவ்ளோ பெரிய ஆளா இருந்தாலும் உக்காந்துடணும். நம்ம கூட்டத்துல தீர்மானம் நம்பர் ஒண்ணுலேர்ந்து நாப்பது வரைக்கும் "ஆல் பாஸ்"னு ஒரே மூச்சுல முடியறத பாத்த எனக்கு இது சினிமா மாதிரி இருந்துச்சு.

எண்பது வயசுக்கு மேல ஒரு பெரியவரு எழுந்தாரு, அந்தக் காலத்துல ஊர் குப்பை லாரி ஓட்டினவரு. ஒரு நாளைக்கு ரெண்டு நடை, மழை பேஞ்சா ஒண்ணு, பண்டிகை முடிஞ்சா மூணுன்னு ஞாபகத்துலேர்ந்து சொன்னாரு. லாரில எத்தனை கஜம் புடிக்கும், நெரம்பாமலே போன நாள் உண்டான்னு வக்கீலம்மா ஒவ்வொண்ணா கேட்டுக்கிட்டாங்க. அந்த ஊரோட பங்கு இப்போ ஒரு பெரியவரோட ஞாபகத்துல தொங்கிட்டு இருக்கு, நெனச்சு பாருங்க. எல்லாம் நல்லபடியா போய்ட்டு இருக்கறப்போ அவரு வெள்ளந்தியா "எங்க ஷெட்டுல மாத்தின பழைய ஆயிலையும் டப்பால புடிச்சி அதே லாரிலதான் எடுத்துட்டு போவோம்"னுட்டாரு. ஹாலே கப்சிப். வக்கீலம்மா பேனாவ கீழ வெச்சாங்க. ஏன்னா அந்த 5 டாலர் 30 சென்ட் கணக்கு வெறும் வீட்டுக் குப்பைக்குதான், ஷெட்டு ஆயிலும் கலந்துச்சுன்னா எதிர் தரப்பு அத புடிச்சிக்கிட்டு தொங்குவான்.

அதுக்கப்புறம்தான் நோட்டு வந்துச்சு. குப்பைமேட்டு கேட்ல உக்காந்திருந்த காவலாளி எழுதி வெச்ச பாக்கெட் நோட்டு, அவரு எறந்து போய் பல வருஷம் கழிச்சி வீட்ட காலி பண்ணப்போ ஷூ டப்பால கெடச்சிருக்கு, குடும்பத்துக்காரங்க லைப்ரரில குடுத்திருக்காங்க. அதோட ஜெராக்ஸ் மேசை மேல வெச்சிருந்தாங்க, நான் கண்ணாடிய போட்டுக்கிட்டு குனிஞ்சு பாத்தேன். பென்சில் எழுத்து. தேதி, லாரி யாருது, எத்தனை லோடு. கீழ கீழ அதே பேரு வந்தா ரெண்டு சின்ன கோடு, நாம "டிட்டோ" போடுவோமே அதேதான். ஒரு பக்கத்துல காபி கப்பு வெச்ச வட்டம். ஊர் லாரிக்கு ஒரு கோடு போட்டா ஃபேக்டரி லாரிக்கு நாலஞ்சு கோடு, ஓரத்துல "டிரம்"னு எழுதி எண்ணிக்கை, சில இடத்துல "ராத்திரி"ன்னு. யாரும் அவர எழுத சொன்னா மாதிரி தெரியல, கேட் காசு வசூலிக்கறதுக்காக தனக்காக எழுதி வெச்சிருக்காரு மனுஷன். அந்த கிறுக்கல் நோட்டாலதான் கம்பெனிங்க மொதல்ல கேட்ட பங்குலேர்ந்து எறங்கி வந்து ராஜிக்கு வந்திருக்காங்கன்னு வக்கீலம்மாவே சொன்னாங்க. எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு, கணக்கு எழுதறவனுக்குதான் அது புரியும்.

இப்போ நம்ம ஊரு கதைக்கு வரேன், இதுக்காகதான் லெட்டரே.

நான் வேலை பாத்த நகராட்சில கம்போஸ்ட் யார்டுக்கு ஒரு லோடு ரிஜிஸ்டர் உண்டு. தெனமும் அஞ்சு நடை, அஞ்சு நடை, அஞ்சு நடை, ஆயுத பூஜை அன்னிக்கும் அஞ்சு நடை, லாரி பிரேக்டவுன்னு ஒர்க்‌ஷாப்ல நின்ன நாள்லயும் அஞ்சு நடை. டீசல் பில்லுக்கு ஏத்த மாதிரி எழுதினது அது, குப்பைக்கு ஏத்த மாதிரி எழுதினது இல்ல. தணிக்கைல அப்ஜெக்‌ஷன் வந்தப்போகூட டீசலுக்குதான் வந்துச்சு, குப்பை எங்கன்னு ஒருத்தரும் கேக்கல. ராத்திரில வேற வண்டிங்க வரும், தோல் துண்டு, ஆஸ்பத்திரி சாமான், என்னன்னே தெரியாத கலர்ல சேறு, வாட்ச்மேனுக்கு டீ காசு. அதுக்கு ரிஜிஸ்டரே கெடையாது. எடைமேடை போடணும்னு நான் ஒரு தடவ ஃபைல்ல குறிப்பு வெச்சேன், "நிதி நிலைமை அனுமதிக்கும்போது பரிசீலிக்கலாம்"னு திரும்பி வந்துச்சு, அத்தோட சரி. நானும் அதுக்கப்புறம் கேக்கல, அத ஒத்துக்கறேன்.

இப்போ அந்த மாதிரி யார்டையெல்லாம் பயோமைனிங், அதாவது பழைய குப்பைய தோண்டி சலிச்சு பிரிக்கறது, பண்றாங்க, நல்லதுதான், 2021 அக்டோபர்ல ஆரம்பிச்ச தூய்மை இந்தியா ரெண்டாம் கட்டத்துல அதுக்கு காசு ஒதுக்கினாங்க, ஒரு லட்சத்துக்கு கீழ ஜனத்தொகை இருந்தா மத்திய பங்கு பாதி, ஒரு லட்சத்துலேர்ந்து பத்து லட்சம் வரைக்கும் 33 சதவீதம், அதுக்கு மேல 25, பாக்கி மாநிலமும் உள்ளாட்சியும். பசுமைத் தீர்ப்பாயம் வேற குப்பைய ஒழுங்கா கையாளலன்னா 2020 ஏப்ரல்லேர்ந்து மாசத்துக்கு பெரிய ஊருக்கு 10 லட்சம், நடுத்தரத்துக்கு 5 லட்சம், மத்த உள்ளாட்சிக்கு 1 லட்சம்னு இழப்பீடு கட்ட சொல்லி உத்தரவு போட்டுச்சு. எல்லாம் சரி, ஆனா இந்த காசு பூரா யாரோடது? வரி கட்டறவன் காசு. ராத்திரி வந்த லாரிக்காரன் எங்க? அவன்கிட்ட பங்கு கேக்கலாம்னு நாம நெனச்சு கூட பாக்கறது இல்ல, நெனச்சாலும் கேக்க முடியாது, அவன் வந்தான்னு காட்ட ஒரு துண்டு சீட்டு இல்ல.

சட்டம் இல்லன்னு யாரும் சொல்லாதீங்க. மாசு பண்ணவன்தான் காசு கட்டணும்ங்கறது இந்த நாட்டு சட்டத்துல ஒரு பகுதின்னு சுப்ரீம் கோர்ட் சொன்னது எங்க வேலூர் கேஸ்லதான், 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி தீர்ப்பு, ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் ஷாப்பு தண்ணி பாலாத்துல எறங்கினதுக்காக. 2010ல வந்த பசுமைத் தீர்ப்பாய சட்டத்துலயும் அதே கொள்கை இருக்கு. அப்படியும் அந்த நஷ்டஈடு விவகாரம் இழுத்து இழுத்து 2025 ஜனவரில மறுபடி சுப்ரீம் கோர்ட்டே, மொதல்ல அரசாங்கம் குடுத்துடு, பின்னாடி மாசு பண்ணவங்ககிட்ட வசூல் பண்ணிக்கோன்னு சொல்ல வேண்டி வந்துச்சு. இருபத்தெட்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. ராணிப்பேட்டை சிப்காட்ல குரோமேட் கம்பெனி மூடிட்டு போனப்புறம் ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல கழிவு மேடா கெடக்கறத எங்க பக்கத்துல தெரியாதவங்க கெடையாது, மழை வந்தா மஞ்சத் தண்ணி ஓடும். அங்க கொட்டினது யாருன்னு ஊருக்கே தெரியும், ஒரே கம்பெனி, அப்படி இருந்துமே இந்த நெலமைன்னா, யாரு கொட்டினதுன்னே தெரியாத நகராட்சி யார்டுக்கு என்ன கதி?

தொழிற்சாலை அபாயக் கழிவுக்குன்னு நம்ம நாட்டுல லாரியோட போற மேனிஃபெஸ்ட் சீட்டு இருக்கு, ஏழு காப்பி, ஒவ்வொண்ணும் ஒரு கலர், வெள்ளை, மஞ்சள், பிங்க்குன்னு அழகா இருக்கும். அதெல்லாம் கும்மிடிப்பூண்டில இருக்கற அபாயக் கழிவு கிடங்குக்கு நேர் வழில போற லாரிக்கு. ராத்திரி நம்ம யார்டுக்கு வர்ற லாரிக்கு ஒரு காப்பியும் கெடையாது.

அதனால நான் கேக்கறது ரொம்ப சின்ன விஷயம். ஒவ்வொரு நகராட்சி யார்டு கேட்லயும் வண்டி நம்பர், நேரம், எடை, எங்கேர்ந்து வந்துச்சு, பாத்தா என்ன மாதிரி தெரிஞ்சுது, இவ்ளோதான், கையால எழுதினாலும் பரவால்ல, வாட்ச்மேன் ஒரு போட்டோ எடுத்து வெச்சாலும் பரவால்ல. பயோமைனிங் பண்றப்போ ஃபேக்டரி சாமான் கலந்த அடுக்கு வந்தா அத தனியா மெஷர்மென்ட் புக்ல ஏத்துங்க, "பழைய கழிவு இவ்ளோ கன மீட்டர்"னு மொத்தமா ஒரே வரில முடிச்சிடாதீங்க. இப்போ கான்ட்ராக்டர் பில்லு பாஸ் ஆனதும் அந்த அடுக்கும் போயிடும், ஆதாரமும் போயிடும். முப்பது வருஷம் கழிச்சு யாரோ ஒரு வக்கீலம்மா தேடுவாங்க.

சரி, அந்த ஊரு ராஜிக்கு போகலாமா கூடாதா? மாப்ள என்கிட்ட கேட்டாரு. ராஜிக்கு போறதுதான் புத்தின்னேன், வக்கீல் ஃபீஸ் ஏறிக்கிட்டே இருக்கு, அந்த ஆயில் டப்பா வேற வெளில வந்துடுச்சு, கோர்ட்ல அது எப்படி திரும்பும்னு யாரும் சொல்ல முடியாது. ஆனா கூட்டத்துல பேசினவங்கள்ல முக்காவாசி பேர் தொகைய பத்திதான் பேசினாங்க, அதிகமா கம்மியா, ஸ்கூல் பட்ஜெட்ல கை வெப்பீங்களான்னு. காகிதத்துல பாக்க வேண்டியது வேற. கம்பெனியோட மட்டும் கையெழுத்து போட்டுட்டு வந்தா பத்தாது, ஈ.பி.ஏ.வோ மாநில அரசோ அதுல சேர்ந்தாதான் நாளைக்கு வேற ஒருத்தன் வந்து பங்கு கேக்க முடியாதபடி சட்டப் பாதுகாப்பு கெடைக்கும். அந்த பாதுகாப்பு வந்தாலும் "தெரியாத சங்கதி பின்னாடி தெரிய வந்தா மறுபடி தொறக்கலாம்"னு ஒரு ஷரத்து பெரும்பாலும் இருக்கும். 2024ல பி.எஃப்.ஓ.ஏ., பி.எஃப்.ஓ.எஸ்.னு ரெண்டு ரசாயனத்த, ஒட்டாத தோசைக்கல்லு, தீயணைக்கிற நுரை இதுல எல்லாம் இருந்த வகையறா, அந்த சட்டத்தோட விஷப் பட்டியல்ல புதுசா சேத்திருக்காங்க. நகராட்சி குப்பைமேட்டு மேல நாங்க பாய மாட்டோம்னு ஈ.பி.ஏ. சொல்லுது, கம்பெனிங்க அப்படி எதுவும் சொல்லல. அப்புறம் அந்த மேட்டுல கசிவுத் தண்ணிய பம்ப் பண்றது, சுத்தி இருக்கற கிணத்து தண்ணிய டெஸ்ட் பண்றது, அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ மறு ஆய்வு, இது நம்ம பேரன் காலத்துலயும் ஓடும், அந்த செலவு இப்போ கட்டற ஒரே தொகைக்குள்ள அடங்குதா இல்ல வருஷா வருஷம் தனி பில்லா வருமா?

இதையெல்லாம் நான் தமிழ்ல சொல்ல சொல்ல மாப்ள போன்ல இங்கிலீஷ்ல அடிச்சிக்கிட்டாரு. அவரு பேர் வந்தப்போ எழுந்து கடகடன்னு படிச்சாரு, கடைசி கேள்வில பாதி இருக்கறப்போ தக்காளி அடிச்சிடுச்சு, உக்காந்துட்டாரு. ஆனா வக்கீலம்மா தலைய தூக்கி "அந்த கேள்விய முடிங்க"ன்னாங்க. வருஷச் செலவு பத்தின கேள்வி அது. அதுக்கு பதில் எழுத்துல தரேன்னு சொல்லிட்டாங்க.

அடுத்த மாசம் கவுன்சில் ஓட்டுக்கு விடுது. அப்புறமும் கோர்ட் ஒத்துக்கறதுக்கு முன்னாடி பொது ஜனம் கருத்து சொல்ல முப்பது நாள் குடுப்பாங்களாம். மாப்ள வாட்ஸப்ல சொல்றேன்னாரு. நான் இங்க வந்த கையோட எங்க நகராட்சிக்கு ஆர்.டி.ஐ. ஒண்ணு போட்டிருக்கேன், யார்டு லோடு ரிஜிஸ்டர் கடைசி பத்து வருஷத்துக்கு ஜெராக்ஸ் வேணும்னு, பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி. அஞ்சு நடை இன்னும் அஞ்சு நடையாவே இருக்கான்னு பாக்கணும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நகராட்சி கணக்கர்,
வேலூர் மாவட்டம்